சின்னவளுக்குக் கிடைத்த அம்மா

பெரியவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அம்மா சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் தரையில், அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் முதுகைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுகமாகச் சாய்ந்திருந்தாள். "வா, உக்காரு" என்றாள் அம்மா, வாயில் கடித்திருந்த ஹேர்பின்னை எடுக்காமலேயே. அவ்வளவுதான். கை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

பெரியவளுக்கு அடிவயிற்றில் குபுக்கென்று பற்றிக்கொண்டது.

முப்பத்து நாலு வயசுப் பெண், கல்யாணமாகிப் பள்ளிக்கூடம் போகிற மகள் வேறு இருக்கிறாள். ஒரு சடைப் பின்னலைப் பார்த்துப் பொறாமைப்படுவதாவது! வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும், வயிறு மட்டும் எரியாமல் இருந்திருந்தால்.

அம்மா அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். விடியும் முன்னே கிளம்பிப் போய், படுக்கை விரிப்புகளை மலைமலையாக இஸ்திரி போட்டுவிட்டு, பொழுது சாய்ந்து திரும்புவாள். பெரியவள் தன் தலையைத் தானேதான் பின்னிக்கொண்டாள். பின்பக்கம் வகிடு கோணலாகத்தான் போகும். கூடப் படித்த பெண்கள் "உங்க வீட்டு ரோடு இன்னும் நேராகலையா?" என்று கேட்பார்கள். இப்போது அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள். கை நிறைய நேரம், மடியில் புதுசாய் ஒரு மகள்.

புதுசாய் ஒரு மகள். ஆமாம், அதுதான் விஷயம். பெரியவளுக்கு எட்டு வயசு இளையதாகப் பிறந்த சின்னவளை எல்லோரும் பையன் என்றுதான் வளர்த்தார்கள். பெரியவளும் "டேய் தம்பி" என்றுதான் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அப்பா செத்து வருஷம் திரும்பியதும் ஒருநாள் சின்னவள் அம்மாவை உட்கார வைத்து, "நான் உன் பையன் இல்லம்மா, உன் பொண்ணு. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலிருந்தே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டாள். அம்மா ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். யாரோ சொல்லி, சைக்கிள் கடைக்கு மேலே ஒரு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற கூட்டத்துக்குப் போனாள். திருநங்கைப் பிள்ளைகள், ஆணை விரும்பும் ஆண் பிள்ளைகள், பெண்ணை விரும்பும் பெண் பிள்ளைகள், இவர்களைப் பெற்றவர்கள் என்று எல்லோரும் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுகிற இடம். போன முதல் நாள் அழுதுவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அழுகிற இன்னொருத்திக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்புறம் அங்கேயே ஐக்கியமாகிவிட்டாள்.

பெரியவள் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "அவங்கவங்க வாழ்க்கை" என்றாள். புருஷன், தண்ணீர்க் குழாய் இலாகாவில் வேலை பார்க்கிற தங்கமான மனுஷன், "மச்சான் போய் மச்சினி வந்தாச்சு, நமக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல" என்று ஒரு ஜோக்கோடு முடித்துக்கொண்டார். ஆனால் பெரியவளின் நாக்கு மட்டும் மடங்கவில்லை. 'டா' போடக் கூடாது என்று தெரியும். 'டி' வரமாட்டேன் என்றது. அதனால் சின்னவளிடம் பேசும்போதெல்லாம் ஆளே இல்லாத பேச்சாகப் பேசினாள். "சாப்பிட்டாச்சா? வேலைக்குக் கிளம்பியாச்சா? மழை வரும்போல இருக்கு, குடை எடுத்தாச்சா?" சின்னவளுக்கு இது புரியாமல் இல்லை. "ஆச்சுக்கா" என்று அவளும் அதே மாதிரி பதில் சொல்லிவிட்டுப் போவாள்.

பின்னல் முடிந்தது. சின்னவள் எழுந்து கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "எப்படி இருக்கு, அக்கா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெரியவள். வகிடு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது.

பெரியவள் வேலை பார்ப்பது பல் கட்டும் லேபில். டாக்டர்கள் அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை அடுக்கி, செட் செய்து அனுப்புகிற வேலை. நாள் முழுக்க முகமே இல்லாத வாய்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். "எங்கிட்ட வர்ற வாய் ஒண்ணும் பேசாது, எங்க அம்மா மாதிரி" என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அம்மா அப்படித்தான் இருந்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி. அப்பா ஒன்று சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பெரியவளுக்கு இருபது வயசானபோது, லேபிலிருந்து டாக்டர்களிடம் செட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருத்தனை அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் சொன்னாள். அப்பா சத்தம் போடவில்லை. "முடியாது" என்ற ஒரே வார்த்தையோடு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த பாத்திரம். அதைத் திரும்பத் திரும்பத் துடைத்தாளே தவிர நிமிரவில்லை. ஆறே மாதத்தில் பெரியவளுக்குக் கல்யாணம் நடந்தது. புருஷன் நல்லவராக அமைந்தது அவள் அதிர்ஷ்டம். ஆனால் அந்த முதுகு, பாத்திரம் துடைத்த அந்த முதுகு, அவள் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

அதே அம்மா மேடை ஏறிப் பேசுகிறாள் என்று கேள்விப்பட்டபோது அவளால் நம்ப முடியவில்லை. "குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காங்க, வாயேன்" என்று அம்மா நச்சரித்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு போனாள். பிளாஸ்டிக் நாற்காலி, காற்றைவிடச் சத்தம் அதிகமாகப் போடுகிற ஃபேன், நிறைந்த கூட்டம். நடத்தியவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எல்லோருக்கும் டிரைவரண்ணன். மகன் இன்னொரு ஆணைத்தான் விரும்புகிறான் என்று தெரிந்த அன்று அவனை வீட்டைவிட்டு விரட்டியவர். பிறகு மனசு கேட்காமல், தான் ஓட்டிய பஸ்ஸின் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி அவனைத் தேடியவர். ஹார்ன் மாதிரி குரல்.

"அடுத்து நம்ம சலவைக்காரம்மா பேசுவாங்க" என்றார்.

அம்மா எழுந்து போனாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணைப் பத்தி எவனாவது எதாவது சொன்னா, முதல்ல எங்கிட்ட வந்து சொல்லட்டும்" என்றாள். "நான் பெத்தவ. என்னைத் தாண்டித்தான் அவளைத் தொட முடியும்."

கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுத்து வச்ச பொண்ணு" என்றாள் பெரியவளிடம்.

"ஆமா" என்றாள் பெரியவள். "குடுத்துத்தான் வச்சிருக்கா."

என் பொண்ணு. அந்த ஒரு வார்த்தை அவள் காதில் முள்ளாய் நின்றது. பொண்ணு என்றால் இதுவரை அந்த வீட்டில் தான் ஒருத்திதான். படியிறங்கி வீடு போய்ச் சேரும் வரை அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் சின்னவளின் வேலைக்கு ஆபத்து வந்தது. அவள் பெரிய மருந்துக்கடை ஒன்றில் கவுண்டரில் நின்றவள். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன், எதைப் பின் என்று வயசானவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவாள். நீளக் கூந்தலும் கம்மலுமாக அவள் வரத் தொடங்கிய கொஞ்ச நாளில், முதலாளி அவளைப் பின்பக்க ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார். ஜன்னல் கிடையாது, அட்டைப் பெட்டிகள்தான் துணை. "கஸ்டமர் முகம் சுளிக்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். கொஞ்ச நாளில் அதுவும் இருக்காது என்று கடைக்குள் பேச்சு.

டிரைவரண்ணன் நடையாய் நடந்து முதலாளியைப் பேச்சுவார்த்தைக்குச் சம்மதிக்க வைத்தார். "வக்கீலைக் கூட்டிட்டுப் போனா அவரும் வக்கீலைக் கூப்பிடுவார். பெத்தவ போய் உக்காந்தா அவர் கேட்டுத்தான் ஆகணும்" என்று அம்மாவையே பேசச் சொன்னார். நாளும் குறித்தார்கள். அந்த வாரம் முழுக்க அம்மா அடுப்படியில், குளியலறையில், துணி காயப்போடும்போது என்று எந்நேரமும் தனக்குத்தானே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் போன் செய்தால், "அப்புறம் பேசறேன்டி, ஒரு நல்ல வார்த்தை வந்திருக்கு, மறந்துடும்" என்று வைத்துவிடுவாள்.

அந்த நாள் காலையில் பெரியவள் லேபில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள். மணியைப் பார்த்தாள். இந்நேரம் கடை மாடியில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா பேச ஆரம்பித்திருப்பாள். என் பொண்ணு, என் பொண்ணு என்று. கையில் இருந்த கத்தி வழுக்கி, அடுக்கி வைத்திருந்த பல் ஒன்று தெறித்து விழுந்தது. அவ்வளவுதான். என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்னே போனை எடுத்துவிட்டாள்.

"அம்மா." குரலை வேண்டுமென்றே இழுத்தாள். "நெஞ்சு படபடங்குதும்மா. கண்ணை இருட்டிட்டு வருது. லேபில யாரும் இல்ல. நீ வாயேன்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். "ஐயோ! எங்க இருக்கே? இரு, இரு, போனை வைக்காதே..." என்றாள் அம்மா. யாரோ குறுக்கே ஏதோ பேசினார்கள். லைன் அறுந்துவிட்டது.

பெரியவள் போனை மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தான் செய்தது எவ்வளவு பெரிய அற்பத்தனம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒன்று, குழந்தை மாதிரி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. வரட்டும். ஒரே ஒரு தடவை எனக்காக எழுந்து வரட்டும். கூட வேலை பார்க்கிறவர்கள் டீ குடித்துவிட்டு வந்து, "என்ன, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் இல்ல" என்றாள்.

படியில் தடதடவென்று காலடி கேட்டது. பெரியவள் எழுந்து நின்றாள்.

வந்தது சின்னவள்.

ஓடி வந்ததில் பின்னல் அவிழ்ந்து, துப்பட்டா தோளில் சுருண்டு, ஒரு கையில் செருப்பு. அதன் வார் அறுந்து தொங்கியது. இன்னொரு கையில் பிரஷர் பார்க்கிற கருவி. கடையிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். "உக்காரு, உக்காரு! ஏன் நிக்கறே?" என்று அக்காவைப் பிடித்து ஸ்டூலில் அழுத்தி, கையில் பட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள். "வலி எங்க இருக்கு? இடது கையில வலிக்குதா? வேர்க்குதா?"

"அம்மா எங்கே?"

"அம்மா அங்கதான். பாதி எந்திரிச்சுட்டா. நான்தான், நீ பேசு, உன் பேச்சுதான் அங்க வேணும், நான் போய்ப் பாக்கறேன்னு உக்கார வச்சுட்டு வந்தேன். நீ பேசாம இரு, பிரஷர் தப்பாக் காட்டும்."

பெரியவளுக்கு ரத்தமெல்லாம் தலைக்கு ஏறியது. வெட்கமா, கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. பட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

"உன்னை யாருடி வரச் சொன்னது? உன் வேலை போகப் போற நேரத்துல அங்க உக்காராம நீ ஏன்டி எந்திரிச்சு வந்தே? எனக்கு ஒண்ணும் இல்லடி! பொய் சொன்னேன்!"

சின்னவள் அப்படியே நின்றாள். லேபில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று அவரவர் மெழுகில் குனிந்துகொண்டார்கள்.

"இப்ப என்ன சொன்னே?"

"பொய் சொன்னேன்னு சொன்னேன்."

"அது இல்ல. அதுக்கு முன்னாடி." சின்னவளின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, அழப் போகிற மாதிரியும் சிரிக்கப் போகிற மாதிரியும். "மூணு தடவை 'டி' போட்டே."

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்துவிட்டாள்.

சின்னவள் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகுதான் கோபம் வந்தது அவளுக்கு. "வர்ற வழியெல்லாம் என்னென்ன நினைச்சேன் தெரியுமா? உன் மகளுக்கு யார் சொல்றதுன்னு வரைக்கும் நினைச்சுட்டேன். விளையாட்டா உனக்கு? ஏன்க்கா?"

"பொறாமை" என்றாள் பெரியவள். சொன்ன பிறகு மறைக்க எதுவும் இல்லாமல் போய்விட்டது. "உன் மேல பொறாமை. அம்மா உனக்குத் தலை பின்னறா, உனக்காகச் சண்டைக்குப் போறா. எனக்கு ஒரு நாளும் அப்படி ஒரு அம்மா இருந்ததில்ல. நீ வந்து மகளானதும் அவளுக்கு வாய் முளைச்சிருச்சு."

சின்னவள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உனக்குப் பொறாமையா?" என்றாள். "நீ ஸ்கூலுக்குக் கிளம்பறப்போ கண்ணாடி முன்னாடி நின்னு ரிப்பன் கட்டுவே. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாப்பேன். எப்படி வயிறு எரியும் தெரியுமா? ஒருநாள் உன் ரிப்பனை எடுத்து அடுப்புல போட்டேன். எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு நீ நினைச்சே."

"அது நீயா!"

"நான்தான்."

"அந்த ரிப்பனைக் கட்டிவிட எனக்கு ஆளே கிடையாதுடி. நானேதான் கட்டிக்கிட்டேன்."

"தெரியும். ஆனா உனக்குக் கட்டிக்க இருந்துச்சே."

இத்தனை வருஷமாகத் தன் பக்கம் காலி என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் காலி இடத்தையே ஒருத்தி கதவிடுக்கு வழியே ஏங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மூளையில் ஏற நேரம் பிடித்தது. பொறாமை அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு இப்போது பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"எந்திரி" என்றாள். "உன் செருப்பைத் தூக்கிப் போடு, என் செருப்பைப் போட்டுக்கோ. போய்ப் பாப்போம்."

"நீ?"

"நான் லேப் செருப்போட வர்றேன். வாடி."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பேச்சுவார்த்தை முடிந்திருந்தது. கடைக்கு வெளியே நடைபாதையில் அம்மாவும் டிரைவரண்ணனும் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவளைப் பார்த்ததும் அம்மா ஓடி வந்து நெற்றியைத் தொட்டு, கழுத்தைத் தொட்டு, "இப்ப எப்படி இருக்கு? டாக்டரைப் பாத்தீங்களா? இவ மாத்திரை ஏதாவது குடுத்தாளா?" என்று திணறினாள்.

"முதல்ல என்ன ஆச்சுன்னு சொல்லும்மா" என்றாள் பெரியவள். "வேலை?"

டிரைவரண்ணன்தான் சொன்னார். அவருக்குச் சிரிப்பு பொங்கியது. "மனுஷன் பழைய பாட்டையே பாடினார். கஸ்டமர் முகம் சுளிக்கிறாங்க, கஸ்டமர் முகம் சுளிக்கிறாங்கன்னு. உங்க அம்மா கேட்டாங்க பாருங்க, 'யார் யாருன்னு சொல்லுங்க, நான் ஒவ்வொருத்தர் வீட்டுக்கா போய்ப் பேசிட்டு வர்றேன்'னு. மனுஷன் முகத்துல ஈயாடலை. யோசிக்கிறார், யோசிக்கிறார், ஒரு ஆள் ஞாபகத்துக்கு வரலை. கடைசியில தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'என் வீட்டம்மாதான்' அப்படின்னார்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவங்களைக் கூப்பிடுங்கன்னு உங்க அம்மா அசையாம உக்காந்துட்டாங்க. அந்தம்மா வந்தாங்க. ரெண்டு பேரும் தனியா ரொம்ப நேரம் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. திங்கட்கிழமையிலிருந்து மத்தியான ஷிப்டு, கவுண்டர்ல. ரெண்டு மாசம் பாக்கலாம்னு சொல்லியிருக்கார். முழு ஜெயம்னு சொல்ல முடியாது. ஆனா கதவு திறந்திருக்கு."

சின்னவள் நடைபாதையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அவள் தலையில் கையை வைத்தபடி பெரியவளைப் பார்த்தாள். "நீ சொல்லு. நெஞ்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உன்னை வர வைக்கத்தான் அப்படிச் சொன்னேன்."

அம்மாவின் கை சின்னவள் தலையிலிருந்து இறங்கியது. டிரைவரண்ணன் விஷயம் புரிந்த மனுஷன்; ஆட்டோ பிடிக்கப் போகிற சாக்கில் தள்ளிப் போய்விட்டார்.

"எனக்கு அங்க உயிரே இல்ல" என்றாள் அம்மா மெதுவாக. "ஒரு பாதி இங்க, ஒரு பாதி உங்கிட்ட. எப்படிப் பேசினேன்னு எனக்குத்தான் தெரியும். ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"எனக்காக வருவியான்னு பாக்கத்தான்" என்றாள் பெரியவள். நடைபாதையில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. "அப்பா முடியாதுன்னு சொன்ன அன்னிக்கு நான் உன்னைத்தான் பாத்தேன். நீ திரும்பவே இல்ல. ஒரு வார்த்தை சொல்லலை. இன்னிக்கு ஊரையே எதிர்த்துப் பேசறே. அப்ப என்னை வச்சுப் பழகிக்கிட்டியா? நான் ஒத்திகையா?"

அம்மா கடைப் படியில் உட்கார்ந்தாள். மறுபடி அந்தப் பழைய மௌனம்தான் என்று பெரியவள் நினைத்தாள்.

"பேசியிருக்கணும்" என்றாள் அம்மா. "பேசலை. பயந்துட்டேன்."

"இப்ப அந்தப் பயம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலை. இன்னிக்கு மாடிப்படி ஏறும்போது கால் நடுங்கிச்சு, டிரைவரண்ணனைக் கேளு. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். அந்த ஹால்ல என்னை மாதிரி எத்தனை பேர். நான் தப்பா ஒரு வார்த்தை சொன்னா எடுத்துக் குடுக்க ஆள் இருக்கு. அழுதா துடைக்க ஆள் இருக்கு. அன்னிக்கு என் பக்கத்துல யாரு இருந்தா, சொல்லு?"

"நான் இருந்தேனேம்மா."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. சின்னவள் எழுந்து வந்து, இருவருக்கும் நடுவில் உட்காராமல், அம்மாவுக்கு அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். பெரியவளுக்கு இந்தப் பக்கம் மிஞ்சியது. அவளும் உட்கார்ந்தாள்.

வெகு நேரம் கழித்து அம்மா கேட்டாள்: "அந்தப் பையன் பேரு என்ன?"

"எந்தப் பையன்?"

"உனக்குப் பிடிச்சிருந்ததே, அவன். பேரைக் கூட நான் உங்கிட்ட கேக்கலை."

பெரியவள் சொன்னாள். அம்மா அந்தப் பேரை ஒருமுறை தன் வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நல்லவனா?" என்றாள். "நல்லவன்தான். இப்ப ரெண்டு பிள்ளை, வழுக்கை விழுந்துருச்சு" என்றாள் பெரியவள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்பில் பாதி அழுகைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவள் தானாகவே ஹாலுக்குப் போனாள். ஆனால் மேலே ஏறவில்லை. படியிலேயே நின்றுவிட்டாள். அம்மா மைக்கைப் பிடிப்பதை இன்னொரு தரம் பார்க்கும் தெம்பு இன்னும் வரவில்லை. டிரைவரண்ணன் தண்ணீர் கேன் எடுக்கக் கீழே வந்தவர், அவளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்மா இங்கயே நிக்கறே?"

"எனக்கு மேல என்ன வேலை, அண்ணே? அங்க பெத்தவங்க இருக்காங்க, பிள்ளைங்க இருக்காங்க. நான் பொறாமை பிடிச்ச அக்கா. எனக்கு எங்க நாற்காலி?"

அவர் அவளைக் கிண்டல் செய்யவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே பைக் மேல் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான் ஒரு தடியன். அவனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு காருக்குள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "வாராவாரம் கொண்டுவந்து விடுவாங்க, முடிஞ்சதும் கூட்டிட்டுப் போவாங்க. மேல மட்டும் வரமாட்டாங்க. அவன் தங்கச்சிக்காக வர்றான். அந்தப் பொண்ணு தம்பிக்காக. என் பெரிய பையனும் இப்படித்தான் நின்னான், ஒரு வருஷம். சின்னவனையே தேடறே, நான் வீட்டுலதானே இருக்கேன்னு சண்டை போட்டுட்டுப் போயிட்டான். அவனை எப்படிக் கூப்பிடறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை." கேனைக் கீழே வைத்தார். "நீ போய் அந்த ரெண்டு பேர்கிட்ட பேசிப் பாரேன்."

பெரியவள் தயங்கித் தயங்கித் தெருவைக் கடந்தாள். தடியன் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எங்க அம்மாதான் மேல பேசிட்டு இருக்காங்க" என்றாள் பெரியவள். "அதைக் கேட்டா எனக்கு வயிறு எரியுது. உனக்கு எப்படி?"

அவன் பைக்கை விட்டு நிமிர்ந்து நின்றான். "எங்கப்பா என் தங்கச்சியோட ஜோடிக்கு சட்டை வாங்கிக் குடுத்தார்க்கா" என்றான். "எனக்கு இன்னி வரைக்கும் ஒரு கர்ச்சீப் கூட வாங்கித் தந்ததில்ல."

காரின் கண்ணாடி மெல்ல இறங்கியது. "டீ குடிக்கலாமா?" என்றாள் உள்ளேயிருந்த பெண்.

மூன்று பேரும் முனையில் இருந்த டீக்கடைக்குப் போனார்கள். ஹாலிலிருந்து கூட்டம் கலைந்து இறங்கி வந்த பிறகும் அவர்கள் பேசி முடிக்கவில்லை. அம்மாவும் சின்னவளும் எதிர்ப்பக்கம் நின்று, "வர்றியா?" என்று சைகையில் கேட்டார்கள். "நீங்க போங்க, நான் வர நேரமாகும்" என்று கத்தினாள் பெரியவள். அம்மா போகாமல் அங்கேயே நின்றாள்.